எருக்கம்பால் யாருக்கு?

சென்ற அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு கட்டு முருங்கையிலையை நானூறு ரூபாய்க்கு எடுத்தேன். கருங்கல் சந்தையில் அதே கட்டு இருபது ரூபாய். ஏலத்தில் விலை பொருளுக்கு அல்ல, காணிக்கைக்கு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் பின்வரிசையில் இருந்த அக்கா விடவில்லை. "டீச்சருக்க வீட்டுல நிக்கிய முருங்கைக்கு என்ன கேடு?" கேடு ஒன்றுமில்லை, அதை நான் மொட்டையடித்து வைத்திருந்தேன். அந்த மாதம் எங்கள் வீட்டு முருங்கை முழுக்க நெல்லுக்குப் போய்க்கொண்டிருந்தது. துவரனுக்கு இலை இல்லை.

அன்றைய பிரசங்கமும் இலைகளைப் பற்றித்தான். எங்கள் போதகர் ஐயா நன்றாகப் பேசக்கூடியவர். துளசி, ஆடாதொடை, கீழாநெல்லி, வேம்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, ஒவ்வொரு இலைக்குள்ளும் மனிதனுக்காகக் கர்த்தர் ஒரு நன்மையை வைத்திருக்கிறார், விஷ மருந்துக்குப் போகாமல் இலையைத் தேடிப் போங்கள் என்று முடித்தார். என் கொழுந்தன் முருங்கைச்சாறு தெளிப்பது அவருக்குத் தெரியும். அவனைப் பார்த்தும் ஒரு புன்னகை செய்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பத்து வயதுப் பேரன் கேட்டான்: "பாட்டி, அப்போ எருக்கம்பாலு ஆருக்கு வெச்சது?"

அவன் கேட்டதற்குக் காரணம் உண்டு. இரண்டு வாரத்துக்கு முன்னால் எருக்கம்பூவைப் பறித்து விளையாடிவிட்டு அந்தக் கையால் கண்ணைக் கசக்கி, மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தவன். நான் முப்பத்தொரு வருடம் உயிரியல் கற்பித்தவள். பதில் உடனே வந்துவிட்டது. "எருக்குக்குத்தான் மக்களே. தன்னை ஆடு மாடு தின்னாம இருக்க அது வெச்சிருக்கு." அவன் கொஞ்ச தூரம் பேசாமல் வந்தான். பிறகு, "அப்போ முருங்கையில உள்ளது?" என்றான்.

அதற்கும் அதே பதில்தான். ஆனால் வாய் வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்த இலைக்காக நன்றி சொல்லி ஆமென் போட்டிருந்தேன்.

எங்களுக்கு வயல் ஏலாவில் மிச்சமிருப்பது பத்து மரக்கால் விதைப்பாடு. சுற்றிலும் வாழை, மரச்சீனி, வீடு, மேட்டில் ரப்பர். மாத்தூர் தொட்டிப்பாலத்தை 1966இல் கட்டி, பட்டணங்கால் தண்ணீரை ஆற்றுக்கு மேலே தூக்கி இந்தப் பக்கம் கொண்டுவந்தது நெல்லை நினைத்துத்தான். இன்று அந்தத் தண்ணீரைக் குடிப்பதில் பெரும்பங்கு வாழையும் தென்னையும். நாங்கள் நெல் வைப்பது லாபத்துக்கு இல்லை, பிடிவாதம். கொழுந்தன்தான் பார்க்கிறான். உப்புரம் குறைத்து, பூச்சிமருந்தை விட்டு, இலைக்கு மாறி நாலைந்து வருடம் ஆகிறது. இயற்கை வேளாண்மை பேசிய நம்மாழ்வார் உயிரோடு இருந்தபோது அவர் பேச்சைக் கேட்டவன். ஆடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வடியும் இலை, கசக்கும் இலை, நாற்றமடிக்கும் இலை என்று தேடி, கோமியத்தில் ஊறப்போட்டு, பூச்சிவிரட்டி என்று தெளிப்பான். அந்தத் தேர்வு முறையைக் கொஞ்சம் கவனித்தால் ஒன்று புரியும்: நமக்கென்று வைக்கப்படாத இலைகளின் பட்டியல் அது. ஆடே தள்ளிவிட்ட இலைகள். யாரையும் நெருங்கவிடாமல் ஒரு செடி தனக்கென்று காய்ச்சி வைத்த கசப்பை நாம் கடன் வாங்கிப் பயிருக்குப் பூசுகிறோம். அந்தப் பட்டியலில் எருக்குக்கு முதல் வரிசையில் இடம்.

என் அப்பா பள்ளியாடிப் பக்கம் பாட்டத்துக்கு வயல் வைத்திருந்தவர். கன்னிப்பூ அறுத்துக் கும்பப்பூவுக்கு வயல் ஒருக்கும்போது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் குழை வெட்டுதான் வேலை. பூவரசு, கொழிஞ்சி, வேம்பு, எருக்கு, கிடைத்தது எல்லாம். கட்டுக்கட்டாய்ச் சுமந்துபோய்த் தொளியில் போட்டு வரிசையாக நின்று மிதிப்போம். முழங்கால் வரை பச்சை வாடை ஏறும். மிதித்த மறுநாளே நடலாமே என்று நான் கேட்டதுண்டு. நாற்று தயாராக நிற்கும், தண்ணீர் நிற்கும், எதற்குக் காத்திருப்பது? அப்பா சொல்வார்: "குழைக்க கோவம் அடங்கட்டு பிள்ளே." அடங்குவதற்குள் நட்டால் நாற்று மஞ்சளித்துக் குன்றிப்போகும். பத்துப் பதினைந்து நாள் கழித்து, நாற்றம் போய், தொளி கறுத்து நெய் மாதிரி ஆன பிறகு நட்டால் அதே குழை பயிரைத் தூக்கி நிறுத்தும்.

கல்லூரிக்குப் போன பிறகு அந்தக் கோபத்தின் பெயர்கள் தெரிந்தன. காற்றில்லாத சேற்றில் இலை அழுகும்போது அசிட்டிக் அமிலம், பியூட்டிரிக் அமிலம் மாதிரியானவை உண்டாகி இளவேரைச் சுடுகின்றன. அழுக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தைத் தற்காலிகமாகத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. கொஞ்ச நாளில் அமிலம் சிதைந்து, எடுத்தது திரும்பி வருகிறது. சரியான விளக்கம்தான். ஆனால் அப்பாவின் சொல்லில் இருந்த ஒன்று அதில் இல்லை. வெட்டப்பட்ட குழைக்குக் கோபம் இருக்க நியாயம் உண்டு என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு, கொழுந்தனின் முருங்கைச்சாறு மேல் எனக்குச் சந்தேகம் இருந்ததால், சமையலறையில் நாலு தட்டு வைத்தேன். ஈரத்துணி விரித்து ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து நெல். டிபிஎஸ் 3, நம் திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகம். முதல் தட்டுக்கு வெறும் தண்ணீர். இரண்டாவதற்கு முருங்கையிலையை அரைத்துப் பிழிந்த சாறு, ஒன்றுக்கு முப்பது பங்கு தண்ணீர் சேர்த்தது. மூன்றாவதற்கு அதே சாறு, தண்ணீர் சேர்க்காமல். நாலாவதற்கு அக்கேசியாச் சருகு ஊறிய தண்ணீர். எங்கள் வரப்பை ஒட்டிப் பக்கத்து விளைக்காரர் அக்கேசியா வரிசை வைத்திருக்கிறார், அந்த ஓரத்து நெல் மட்டும் எப்போதும் குட்டை. (நிழலும், வேர் தண்ணீரை இழுப்பதும் அதற்குப் போதுமான காரணங்கள். சருகின் மேல் மட்டும் பழி போடக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லியிருப்பேன்.)

ஆறாம் நாள் பார்த்தால், முப்பது பங்கு தண்ணீர் சேர்த்த தட்டில் வேர் வெறும் தண்ணீர்த் தட்டைவிடக் கொஞ்சம் நீளம். தண்ணீர் சேர்க்காத தட்டில் பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை, முளைத்தவற்றின் வேர் நுனி பழுப்பு. ஒரே மரம், ஒரே நாள் பறித்த இலை. அக்கேசியாத் தட்டில் முளை வந்தது, வேர் அடியோடு சுருண்டு நின்றது. நாலு தட்டு ஓர் ஆராய்ச்சி ஆகாது. ஆனால் எனக்கு அது போதும்படி இருந்தது.

செடி தனக்குள் செய்யும் பொருளால் பக்கத்துச் செடியைத் தொடுவதற்கு அல்லிலோபதி என்று 1937இல் பெயர் வைத்தவர் ஆஸ்திரியாவின் ஹான்ஸ் மோலிஷ். அதற்கு முன்பே ஜெகதீஷ் சந்திர போஸ் அழைத்துக் கல்கத்தாவில் போஸ் நிலையத்துக்கு வந்து தங்கிப்போனவர். பெரும்பாலும் ஆப்பிள்களை வைத்துத்தான் சோதனை செய்தார். பழுக்கும் ஆப்பிளிலிருந்து வரும் எத்திலீன் வாயு பக்கத்து நாற்றுகளை என்ன செய்கிறது என்பதுதான் அவர் பார்த்தது. கொஞ்சமாய் இருந்தால் வளர்த்து, அதிகமானால் கொல்லும் பொருள்களின் குணத்துக்கு ஹார்மீசிஸ் என்று பெயர் வந்தது 1943இல். சவுதம், எர்லிக் என்ற இருவர், செந்தேவதாரு மரத்தின் வைரச்சாற்றை மரம் அழுக்கும் பூஞ்சை மேல் விட்டுப் பார்த்தபோது, கடும்சாறு பூஞ்சையைத் தடுத்தது, நீர்த்த சாறு வளர்த்தது. ஆக அந்தச் சொல்லே ஒரு செடிச்சாற்றில் பிறந்ததுதான். நன்மை இலைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது என்று சொன்ன போதகர் ஐயாவிடம் நான் கேட்க நினைத்த முதல் கேள்வி இது: எந்தத் தட்டில் உள்ள இலைக்குள்?

தட்டு வைத்ததிலேயே எனக்கு ஒரு குற்றவுணர்வும் இருந்தது. தேவனைச் சோதிக்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு தட்டுக்குக் கொடுத்து ஒரு தட்டுக்குக் கொடுக்காமல் வைத்துப் பார்ப்பது, கொடுப்பவரை நம்பாததா? ஆனால் வேதத்திலேயே கிதியோன் இருக்கிறான். ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, தோல் மட்டும் நனையட்டும் நிலம் காய்ந்திருக்கட்டும் என்றான். நனைந்தது. யாராயிருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். தோல் எப்போதும் பனியைப் பிடிக்கும்தானே. அவன் மறுநாள் திருப்பிக் கேட்டான்: நிலம் நனையட்டும், தோல் காய்ந்திருக்கட்டும். வகுப்பில் ஒப்பீட்டுச் சோதனை பற்றிச் சொல்லும்போது இதை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். கர்த்தர் கோபப்படவில்லை, இரண்டாம் இரவும் பதில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

கொழுந்தனிடம் இந்த நியாயம் செல்லவில்லை. வயலை நடுவே பிரித்து ஒரு பாதிக்குச் சாறும் மறுபாதிக்கு வெறும் தண்ணீரும் தெளித்துப் பார்க்கலாம் என்றேன். தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டான். "மைனி, ரெண்டு பிள்ளையள இருத்தி ஒண்ணுக்கு மட்டும் சோறு போடுவியளா?" அதனால் எங்கள் ஏலாவில் முருங்கைச்சாறு எத்தனை மரக்கால் கூட்டியது என்பதற்குக் கணக்கு கிடையாது. அவன் செய்தது விஞ்ஞானத்துக்கு நஷ்டம். ஆனால் அந்த வாதத்துக்கு இன்று வரை என்னிடம் நல்ல மறுவாதம் இல்லை.

கணக்கு வெளியே இருக்கிறது. நிக்கராகுவாவில் ஃபாய்டலும் கூட்டாளிகளும் முருங்கை இளந்தளிரின் சாற்றைச் சோளம், அவரை, கரும்பு என்று பல பயிர்களில் தெளித்து, 20 முதல் 35 சதவீதம் வரை விளைச்சல் கூடியதாக 2001இல் எழுதினார்கள். பாகிஸ்தானின் ஃபைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தில் கோதுமை மேல் நிறையச் செய்திருக்கிறார்கள். முப்பது பங்கு தண்ணீர் என்ற அளவே அங்கிருந்து வந்ததுதான். நம் மரம், அவர்கள் அளவு. முருங்கையை ஒடித்து வளர் என்ற பழமொழியை வைத்துக்கொண்டு நாம் அவியலோடு நின்றுவிட்டோம் என்று ஒரு சிறு வருத்தம். (பழமொழியின் மறுபாதி பிள்ளையைப் பற்றியது. அதை நான் வகுப்பில் கடைப்பிடிக்கவில்லை.)

முருங்கைச் சாற்றில் வேலை செய்வது முக்கியமாக சியாட்டின் என்ற பொருள் என்கிறார்கள். செல்லைப் பிரியச் சொல்லும், இலையின் மூப்பைத் தள்ளிப்போடும். அதைக் கண்டுபிடித்த கதை எனக்குப் பிடித்த கதை. 1941இல் ஃபான் ஓவர்பீக் என்பவர் ஊமத்தையின் பிஞ்சுக் கருக்களைச் சோதனைக் கண்ணாடியில் வளர்க்க முடியாமல் திணறியபோது தேங்காய்த் தண்ணீரைச் சேர்த்தார், வளர்ந்தன. அதற்குள் என்ன இருக்கிறது என்ற தேடல் அங்கே தொடங்கியது. 1955இல் விஸ்கான்சினில் ஸ்கூக், மில்லர் குழுவுக்கு அந்த வகைப் பொருள் ஹெர்ரிங் மீனின் விந்திலிருந்து எடுத்த டிஎன்ஏயில் கிடைத்தது. 1963இல் லெதாம் முற்றாத சோளமணியிலிருந்து சியாட்டினைப் பிரித்தார். அதே குடும்பப் பொருள்கள் தேங்காய்த் தண்ணீரிலும் இருப்பது பின்னால் தெரிந்தது. தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்துப் பூக்கும் பருவத்தில் அடிக்கும் தேமோர்க் கரைசலைப் பற்றி நான் சிரித்தது உண்டு. இந்தக் கதையைப் படித்த பிறகு கொஞ்சம் குறைத்துச் சிரிக்கிறேன்.

தேங்காய்த் தண்ணீர் தென்னைக் கருவுக்கு. மீன் மீனுக்கு. சோளமணி சோளக் கன்றுக்கு. முருங்கையில் இருப்பது, ஒடித்த இடத்தில் மறுபடி துளிர்க்க வேண்டிய முருங்கைக்கு. ஒன்றிலும் நம் முகவரி எழுதியிருக்கவில்லை.

எழுதியிருக்கிறது என்று நம்பியவர்கள் ஐரோப்பாவிலும் இருந்தார்கள். 1650களில் இங்கிலாந்தின் வில்லியம் கோல்ஸ், மூலிகைகளில் அவை எதற்கு உதவும் என்பதற்கு அடையாளம் போட்டே கடவுள் படைத்திருக்கிறார் என்று எழுதினார். வால்நட் பருப்பு மூளை மாதிரி இருக்கிறது, ஆகவே தலைக்கு நல்லது. அதே வால்நட் மரம் வேரிலும் இலையிலும் ஜுக்லோன் என்ற பொருளை வைத்துக்கொண்டு தன் காலடியில் தக்காளியை வாழவிடாது. அந்த அடையாளத்தைத் தக்காளியின் பக்கத்திலிருந்து படித்தால் வேறு வேதம் கிடைத்திருக்கும்.

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு வைத்தியர் இருந்தார். நான் சிறுமியாக இருந்தபோதே கிழவர். வர்மமும் மருந்தும் தெரிந்தவர். அவர் மூலிகை பறிக்கப் போவதைப் பார்த்திருக்கிறேன். பொழுது சாய்ந்த பிறகு எந்தச் செடியிலும் கை வைக்க மாட்டார். பறிக்கும் முன் செடிக்கு முன்னால் நின்று உதட்டுக்குள் ஏதோ சொல்வார். சாப நிவர்த்தி என்பார்கள். செடியின் சாபம் நீங்கினால்தான் மருந்து வேலை செய்யும் என்பது சித்த வைத்திய மரபு. ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு அதை அஞ்ஞானம் என்று சொல்லித் தந்தார்கள். நானும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தேன். இப்போது யோசித்தால், இலைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கிற மனிதர், அந்த இலை தனக்கென்று வைக்கப்படவில்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறார். எங்கள் ஸ்தோத்திர ஜெபத்தில் அந்த ஒப்புதலுக்கு இடமில்லை. பந்தியில் நமக்கென்று இலை போட்டு வைத்திருக்கிறார்கள் என்ற தோரணையில் உட்கார்ந்துவிடுகிறோம்.

இதையெல்லாம் போதகர் ஐயாவிடம் ஒரு சாயங்காலம் கொட்டினேன். அவர் கோபப்படவில்லை. கட்டஞ்சாயாவைக் குடித்து முடிக்கும் வரை கேட்டுவிட்டு, "டீச்சர், எருக்கு தனக்காகவே பால் வெச்சிருக்குன்னே இருக்கட்டு. அந்த எருக்க வெச்சது ஆரு?" என்றார்.

"கர்த்தர்னே வெச்சுக்குவோம் ஐயா. நமக்காக வெச்சாருன்னு மட்டும் சொல்லாண்டாம்."

"நமக்கு இல்லேன்னா நாம எதுக்கு நன்றி சொல்லணும்?"

இதுதான் கேள்வி என்று எனக்குப் பட்டது. நமக்கு என்று குறித்துக் கொடுக்கப்பட்டதற்கு மட்டும்தான் நன்றி என்றால் அது ரசீது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வாசித்த நாதஸ்வரம் நம் வீட்டுத் திண்ணையிலும் கேட்கிறது. வாசித்தவருக்கு நம்மைத் தெரியாது. நம்மை நினைத்து அவர் ஊதவில்லை. கேட்டுச் சந்தோஷப்பட்டவர் நன்றிப்படாமல் இருக்க முடியுமா? சொல்லப்போனால் அழைப்பிதழ் வந்தவரைவிடத் திண்ணைக்காரருக்கு அது கொஞ்சம் கூடத்தான் இருக்கும், தனக்கு உரிமையில்லை என்று தெரிவதால். இதை ஐயாவிடம் இவ்வளவு திருத்தமாகச் சொல்லவில்லை. ஏதோ உளறினேன். அவர், "அடுத்த வருஷம் பிரசங்கம் நீங்களே பண்ணுங்க" என்று சிரித்துக்கொண்டு எழுந்தார்.

அவருக்குச் சொல்ல மறந்தது ஒன்று உண்டு. கோதுமை மணி மண்ணில் விழுந்து சாவதைப் பற்றி யோவான் சுவிசேஷத்தில் வருகிற இடத்தில் பிள்ளைகள் எப்போதும் என்னை மடக்குவார்கள். விதை சாவதில்லையே டீச்சர், செத்த விதை முளைக்காதே என்று. உண்மைதான். முளைப்பது உயிருள்ள கரு. சாவு இருப்பது அந்த முனையில் அல்ல, இந்த முனையில். கதிர் வந்த பிறகு நெல்லின் கண்ணாடி இலையைப் பாருங்கள். அது கடைசி வரை மணிக்குச் சோறு ஆக்குகிறது. பிறகு தன்னைத்தானே பிரித்து, தன் பச்சையத்தை உடைத்து, தழைச்சத்தை மணிக்கு அனுப்பிவிட்டு மஞ்சளாகிச் சாகிறது. முருங்கைச்சாறு அந்தச் சாவை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் மணி கனக்கும். ஒரேயடியாகத் தள்ளிப்போட்டால், யூரியாவை அள்ளிக் கொட்டிய வயல் மாதிரி, தாள் கரும்பச்சையாய் நிற்கும், மணி பதராகும். "தாளு பழுக்காம நெல்லு பழுக்காது" என்பார் அப்பா. நெல்லின் இலை ஒன்றுதான் தனக்கு வைத்துக்கொள்ளாமல் கொடுக்கிறது என்று ஒரு கணம் தோன்றும். அதுவும் நமக்கு அல்ல. தன் விதைக்கு. நாம் நடுவில் புகுந்து அறுத்துக்கொள்கிறோம்.

இந்தக் கும்பப்பூ இப்போது பொதிகட்டி நிற்கிறது. சனிக்கிழமை காலை கொழுந்தன் தெளிப்பானோடு வருவான், அதற்குள் இலை பறித்து அரைத்துவிட வேண்டும். ஏலத்தில் எடுத்த கட்டு துவரனுக்குப் போய் மாதங்கள் ஆகின்றன. மொட்டையடித்த முருங்கை தன் பாட்டுக்குத் துளிர்த்து வேலிக்கு மேலே போய்விட்டது. நேற்று தொரட்டியோடு அதன் கீழே போனவள் உடனே இழுக்கவில்லை, கொஞ்ச நேரம் நின்றேன். பேரன் வாளியோடு பின்னால் நின்றிருந்தான்.

"பாட்டி, ஆருட்ட பேசுதிய?"

"ஒண்ணுமில்ல மக்கா. வாளியத் தள்ளி வை, கம்பு விழும்."